நாக ஒட்சைட்டில் கோபாற்றும் மங்கனீசும்: நிறத்தையும் காந்தத்தையும் சேர்த்துப் படிப்பது எப்படி?

கொழும்பு செட்டியார் தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் மின்னும் நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் ஒரே சேர்வைதான்: அலுமினியம் ஒட்சைட்டு. சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே இல்லை. அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குரோமியம் போய் உட்கார்ந்தால் சிவப்பு. இரும்பும் தைத்தேனியமும் அருகருகே உட்கார்ந்தால் நீலம்.

நம் நாட்டில் "கெவுட" என்று ஒதுக்கிப் போட்ட பால்நிறக் கற்களை 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் மலிவு விலைக்கு வாங்கிப் போய், உலையில் சுட்டு, நல்ல நீலமாக்கி விற்றார்கள். கல்லுக்குள் அவர்கள் புதிதாக ஒன்றும் போடவில்லை. நுண்ணிய ஊசிகளாக ஒதுங்கிக் கிடந்த தைத்தேனியம் சூட்டில் கரைந்து இரும்புக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது, அவ்வளவுதான்.

அயன் அதேதான், உட்கார்ந்த இடம் மாறியது, நிறமும் மாறிவிட்டது. இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பக் கேட்கப் போவதும் அதே கேள்விதான்: போட்ட அயன் எங்கே உட்கார்ந்திருக்கிறது? அலுமினியம் ஒட்சைட்டைக் குறைகடத்தி என்று சொல்ல முடியாது, அதன் பட்டை இடைவெளி (இலத்திரன் கட்டிலிருந்து விடுபட்டு ஓடத் தேவையான சக்தி) அவ்வளவு பெரிது. ஆனால் நாக ஒட்சைட்டு, நாக சல்பைட்டு, தைத்தேனியம் ஈரொட்சைட்டு போன்ற குறைகடத்திகளிலும் கதை இதுவேதான். "மாசூட்டிய நானோ துணிக்கைகள்" (வேறு அயனை வேண்டுமென்றே சிறிதளவு சேர்த்த மிக நுண்ணிய துணிக்கைகள்) என்று இறுதி வருட ஆய்வுத் தலைப்பை வாங்கிக்கொண்டு முழிக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்குக் கோபாற்று போட்ட நாக ஒட்சைட்டை எடுத்துக்கொள்வோம். மலிவானது, ஆபத்து குறைந்தது, தப்பு நடந்தால் பல நேரம் நிறத்திலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

தொடங்குமுன்: ஏன் நிறமும் காந்தமும் ஒன்றாக வருகின்றன?

நாக அயனில் டி-இலத்திரன்கள் பத்து. ஒழுக்குகள் எல்லாம் நிரம்பி, எல்லாம் சோடி சேர்ந்துவிட்டன. அதனால் நிறமும் இல்லை, காந்தத் திருப்புதிறனும் (அயன் குட்டிக் காந்தமாக நடக்கும் பலமும்) இல்லை. கோபாற்று ஈரயனில் டி-இலத்திரன்கள் ஏழு, அதில் மூன்று சோடியில்லாமல் நிற்கின்றன. மங்கனீசு ஈரயனில் ஐந்து, ஐந்துமே தனித்தனி. சோடி சேராத இந்த இலத்திரன்கள்தான் காந்தத்தைத் தருகின்றன. அதே டி-மட்டங்களுக்கு இடையே தாவும்போதுதான் கட்புல ஒளியையும் உறிஞ்சுகின்றன. ஆகவே நிறமாலை ஒரு கதையும் காந்த அளவீடு இன்னொரு கதையும் சொன்னால், இரண்டில் ஒன்றைத் தப்பாக வாசித்திருக்கிறீர்கள்.

மங்கனீசைப் பற்றி இன்னொரு விஷயம். ஐந்து இலத்திரன்களும் ஒரே பக்கம் சுழல்வதால் எந்தத் தாவலுக்கும் ஒன்று சுழற்சியை மாற்றியாக வேண்டும். அது விதிப்படி தடை. அதனால் அந்தத் தாவலால் வரும் நிறம் வெளிறித்தான் இருக்கும். "சேர், நிறம் வரவில்லை, மங்கனீசு உள்ளே போகவில்லைப்போல" என்று பயப்பட வேண்டாம்.

முதல் படி: எவ்வளவு போடுவது?

கூடப் போட்டால் கூடக் காந்தம் வரும் என்று நினைப்பது இயல்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாக ஒட்சைட்டுப் பளிங்கில் ஒவ்வொரு நாக இடத்தையும் சுற்றி 12 நாக இடங்கள் இருக்கின்றன. 3 சதவீதம் கோபாற்று சீராகப் பரவியிருந்தால், ஒரு கோபாற்றுக்குப் பக்கத்தில் வேறு கோபாற்றே இல்லாமல் இருக்கும் வாய்ப்பு 0.97ஐ 12 தடவை பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 0.69. 5 சதவீதத்தில் அது 0.54. 10 சதவீதத்தில் 0.28தான். பக்கத்தில் பக்கத்தில் வந்த இரண்டு கோபாற்று அயன்கள் நடுவில் இருக்கும் ஒட்சிசன் வழியாக ஒன்றையொன்று எதிர்த் திசையில் திருப்பிவிடும். ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும். கூடப் போடப் போட அயன் ஒன்றுக்குக் கிடைக்கும் காந்தத் திருப்புதிறன் குறைவதற்குக் காரணம் இதுதான், உங்கள் கை சரியில்லாதது அல்ல.

0, 1, 3, 5 சதவீதம் என்று நான்கு மாதிரி போதும். 0 சதவீதத்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விட்டுவிடாதீர்கள். பின்னால் அதுதான் காப்பாற்றும்.

இரண்டாம் படி: நிறுப்பது

கொழும்பு ஈரப்பதம் பற்றிப் புத்தகங்களில் எழுதமாட்டார்கள். மழைக்காலத்தில் ஒரு பிற்பகல் கோபாற்று நைத்திரேற்றுப் போத்தலைத் திறந்து தராசில் வைத்தேன். நான்காம் தசம இலக்கம் நிற்கவே இல்லை. காற்றிலுள்ள நீரை உறிஞ்சி உறிஞ்சி உப்பின் நிறை என் கண்முன்னே ஏறிக்கொண்டிருந்தது, தட்டின் ஓரத்தில் சிவப்புச் சாறு போலக் கசியவும் தொடங்கிவிட்டது. 3 சதவீதம் என்று எழுதி வைத்த மாதிரியில் உண்மையில் எவ்வளவு இருந்தது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அன்றிலிருந்து நான் அசற்றேற்று உப்புகளைத்தான் எடுக்கிறேன். அவை இவ்வளவு அடம் பிடிப்பதில்லை.

3 சதவீத மாதிரிக்கு, மொத்தம் 0.01 மூல் உலோகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரேறிய நாக அசற்றேற்றின் மூலர்த் திணிவு 219.5, அதில் 0.0097 மூல் என்றால் 2.129 கிராம். நான்கு நீர் மூலக்கூறுள்ள கோபாற்று அசற்றேற்று 249.1, அதில் 0.0003 மூல் என்றால் 0.0747 கிராம். இரண்டையும் 100 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் ஒன்றாகக் கரையுங்கள். கரைசல் வெளிர் ரோஸ் நிறத்தில் இருக்கும். ஆறு நீர் மூலக்கூறுகள் எண்முகியாகச் சூழ்ந்த கோபாற்றின் நிறம் அது. இந்த ரோஸ் நிறத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கையுறை, முகக்கவசம் கட்டாயம். கோபாற்று உப்புத் தூளை மூச்சில் எடுப்பது புற்றுநோய் ஆபத்து. கழுவிய நீரைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் போத்தலில் சேர்த்து வையுங்கள்.

மூன்றாம் படி: வீழ்படிவாக்கல்

பலர் உலோகக் கரைசலுக்குள் சோடியம் ஐதரொட்சைட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அங்கேதான் பிழை. பீஎச் மெல்ல ஏறும்போது ஆறைத் தாண்டியதுமே நாகம் படியத் தொடங்கிவிடும். கோபாற்று படிய ஏறத்தாழ எட்டு வரை போக வேண்டும். முதலில் நாகம், அதன்மேல் கோபாற்று என்று படை படையாக வரும். நமக்கு வேண்டியது கலவை, தோசைமேல் சட்னி அல்ல.

நான் செய்வது இப்படி. ஒரு முகவையில் கொஞ்சம் நீர் எடுத்து பீஎச் 9 முதல் 10 வரை கொண்டுவந்து 60 பாகையில் கலக்கிக்கொண்டே இருப்பேன். இரண்டு அளவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்துவேன். ஒன்றில் உலோகக் கரைசல், மற்றதில் சோடியம் ஐதரொட்சைட்டு. பீஎச் மானியைப் பார்த்தபடி இரண்டையும் ஒன்றாக இறக்குவேன். கணக்குப்படி 0.8 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டு போதும், 1 கிராம் கரைத்து வைத்தால் கை இறுகாது. பீஎச் 12, 13 என்று போக விடாதீர்கள், படிந்த நாகம் மறுபடி கரையத் தொடங்கும்.

இரண்டு மணிநேரம் கலக்கிய பிறகு சென்றிபியூஜில் போட்டு, நீரால் நான்கைந்து தடவை, கடைசியாக எதனோலால் ஒரு தடவை கழுவுங்கள். உலர வைக்கும்போது பொடியில் கபில நிறம் தட்டினால் கோபாற்றின் ஒரு பகுதி காற்றில் ஒட்சியேறிவிட்டது என்று அர்த்தம்.

நான்காம் படி: சுடுவது

450 பாகை, இரண்டு மணிநேரம், நிமிடத்துக்கு 5 பாகை வீதம் ஏற்றம். சொல்வதற்கு இவ்வளவுதான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு வந்தபோது உலைக்குள் இருந்த மாதிரிகள் பாதியில் நின்றன. மறுபடி கரண்ட் வந்ததும் சிலர் அப்படியே தொடர்ந்தார்கள். அந்தத் தொகுதியின் எக்ஸ்ஆர்டி (பளிங்கின் அமைப்பைக் காட்டும் எக்ஸ்கதிர்ச் சோதனை) உச்சிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அகலம். இடையில் நின்றால் நான்கு மாதிரிகளையும் ஒன்றாகவே முதலிலிருந்து செய்யுங்கள். ஒன்றை மட்டும் திரும்பச் சுட்டால் ஒப்பிட முடியாது.

பீங்கான் புடக்குகையும் மூடியும் பாவியுங்கள். மூடி ஏன் என்பது காந்தப் பகுதியில் வரும்.

ஐந்தாம் படி: முதலில் கண்ணால் பாருங்கள்

உலையிலிருந்து வரும் பொடி இளம் பச்சையாக இருக்க வேண்டும். இது புதிய விஷயம் இல்லை. சுவீடனைச் சேர்ந்த ரின்மன் என்பவர் 18ஆம் நூற்றாண்டிலேயே இதே பச்சையைச் செய்து காட்டினார். ஓவியர்கள் இன்றும் கோபாற்றுப் பச்சை என்று வாங்குவது இதைத்தான்.

கரைசலில் ரோஸ், பளிங்கில் பச்சை. அயன் அதேதான். நீரில் ஆறு அயலவர் சூழ எண்முகியாக இருந்தது, நாக இடத்தில் நான்கு ஒட்சிசன் சூழ நான்முகியாக மாறிவிட்டது. நான்முகிக்குச் சமச்சீர் மையம் இல்லாததால் டி-டி தாவலின் தடை தளர்ந்து உறிஞ்சல் பல மடங்கு பலமாகிறது. 1 சதவீதத்திலேயே பச்சை நன்றாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். பொடி சாம்பலாகவோ கறுப்பாகவோ வந்தால் கோபாற்றின் ஒரு பகுதி வெளியே நின்று தன் சொந்த ஒட்சைட்டை, கறுப்பு நிறமான மூகோபாற்று நாலொட்சைட்டை, அமைத்துவிட்டது.

ஆறாம் படி: எக்ஸ்ஆர்டி

செம்புக் கதிரில் நாக ஒட்சைட்டின் உச்சிகள் 31.8, 34.4, 36.3 பாகைகளில் மூன்று விரல் போல நிற்கும். இதைப் பார்த்துவிட்டு "வேறு கட்டம் எதுவும் இல்லை", அதாவது வேறு சேர்வையின் பளிங்கு கலக்கவில்லை, என்று எழுதுவதுதான் நம் ஆட்களின் வழக்கம். மூகோபாற்று நாலொட்சைட்டின் முக்கிய உச்சி 36.8 பாகையில் வரும். நாக ஒட்சைட்டின் மிகப் பெரிய உச்சியின் தோளில் அது ஒளிந்துகொள்ளும். அடுத்ததும் 31.3இல், அதுவும் மறைவில்தான். ஆகவே தேட வேண்டிய இடம் 59.4, 65.2. அந்தப் பகுதியை மட்டும் மெதுவாக, ஒரு மணிநேரம் கூட எடுத்து, மறுபடி ஓட்டுங்கள். கோபாற்று செம்புக் கதிரில் தானே ஒளிர்ந்து பின்னணியை உயர்த்தும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உச்சி நகர்கிறதா என்று பார்த்துத்தான் அயன் உள்ளே போனது என்று சொல்வார்கள். நான்முகியில் நாகத்தின் ஆரை 0.60 ஆங்ஸ்ட்ரம், கோபாற்று 0.58, மங்கனீசு 0.66. மங்கனீசு என்றால் நகர்வு தெரியும். 3 சதவீதக் கோபாற்றுக்கு எதிர்பார்க்கும் நகர்வு மாதிரியைத் தட்டில் கொஞ்சம் உயர வைத்தாலே வந்துவிடும் அளவு. அதை ஆதாரமாக நிறுத்தாதீர்கள்.

ஏழாம் படி: நிறமாலை

பொடிக்குத் தெறிப்பு நிறமாலைதான் வேண்டும், நீரில் கலக்கி எடுப்பது சிதறலைத்தான் காட்டும். கட்புலப் பகுதியில் 570, 610, 655 நானோமீற்றர் அருகே மூன்று குழிகள் கைகோத்து வந்தால், கோபாற்று நான்முகி நாக இடத்தில் இருக்கிறது. இந்த ஆய்வு முழுவதிலும் எனக்கு மிகவும் நம்பிக்கையான ஒற்றைச் சான்று இதுதான்.

அடுத்தது பட்டை இடைவெளி. தெறிப்பைக் குபெல்கா-முங்கு சார்பாக மாற்றி, அதாவது ஒன்றிலிருந்து தெறிப்பைக் கழித்து வர்க்கித்து, தெறிப்பின் இருமடங்கால் வகுத்து, சக்தியால் பெருக்கி மறுபடி வர்க்கித்துச் சக்திக்கு எதிராக வரைவீர்கள். நேர்கோட்டுப் பகுதியை நீட்டினால் சுத்த நாக ஒட்சைட்டுக்கு 3.2 முதல் 3.4 இலத்திரன் வோற்று வரை வரும். கோபாற்று போட்டதும் அந்தக் கோடு 3க்கு இறங்கும், உடனே "பட்டை இடைவெளி குறைந்தது" என்று எழுதிவிடுவார்கள். பல நேரங்களில் குறைந்தது இடைவெளி இல்லை. கோபாற்றுக்கும் பட்டைக்கும் இடையே இலத்திரன் தாவும் உறிஞ்சல் விளிம்புக்குக் கீழே ஒரு வாலாக வந்து கோட்டைச் சாய்க்கிறது. அந்த வாலின்மேல் கோடு போடாதீர்கள். முதலில் அடித்தளக் கோட்டை வரைந்து, இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தை எடுங்கள்.

ஒளிர்வு அளவிட முடிந்தால் நாக ஒட்சைட்டில் 380 நானோமீற்றரில் ஒன்றும், 500க்கு மேல் அகலமாக இன்னொன்றும் வரும். பின்னது குறைபாடுகளால் வருவது, கோபாற்று இரண்டையும் மங்கச் செய்யும். அழகான ஒளிர்வு பார்க்க ஆசையென்றால் நாக சல்பைட்டில் மங்கனீசு போடுங்கள். புறஊதா விளக்கின் கீழ் 590 நானோமீற்றர் அருகே செம்மஞ்சளாக எரியும். உறிஞ்சலில் வெளிறிக் கிடந்த அதே தடைசெய்யப்பட்ட தாவல்தான். தடை இருப்பதால் ஒளி அவசரப்படாமல் மில்லிசெக்கன் கணக்கில் வெளியே வருகிறது.

எட்டாம் படி: காந்தம், இங்கேதான் கவனம்

இந்தத் துறைக்கு ஒரு ஆசை உண்டு, அறை வெப்பநிலையில் வேலை செய்யும் பெரோகாந்தக் குறைகடத்தி, அதாவது இரும்பைப் போலத் தானே காந்தமாக நிற்கும் குறைகடத்தி. 1996இல் ஜப்பானில் ஓனோ குழு மங்கனீசு போட்ட காலியம் ஆசனைட்டில் பெரோகாந்தத்தைக் காட்டியது, ஆனால் 110 கெல்வினுக்குக் கீழே, அதாவது பூச்சியத்துக்குக் கீழே 163 பாகையில். 2000இல் டீட்ல் குழு, மங்கனீசு போட்ட நாக ஒட்சைட்டிலும் காலியம் நைத்திரைட்டிலும் அறை வெப்பநிலையைத் தாண்டலாம் என்று கணக்கிட்டது. கணக்கில் ஒரு நிபந்தனை இருந்தது: 5 சதவீத மங்கனீசோடு துளைகள் (இலத்திரன் இல்லாத வெற்றிடங்கள்) ஏராளமாக இருக்க வேண்டும். நாக ஒட்சைட்டில் இயல்பாக இருப்பது இலத்திரன்கள், துளைகளை வரவழைப்பது பெரும்பாடு. நிபந்தனையை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டுரைகள் மழையாகக் கொட்டின.

உங்கள் 3 சதவீத மாதிரி நேர்மையாக நடந்தால் என்ன காட்டும்? தனித்தனிக் கோபாற்று அயன்களின் பரகாந்தம், அதாவது வெளிப் புலம் இருக்கும்வரை மட்டும் வரும் பலவீனமான காந்தம். சுழற்சி மட்டும் எடுத்தால் திருப்புதிறன் 3.87 போர் மக்னெற்றன். 300 கெல்வினில், 1 டெஸ்லாப் புலத்தில், கிராமுக்கு ஏறத்தாழ 0.023 ஈஎம்யூ (காந்தத் திருப்புதிறனின் அலகு). புலத்தை ஏற்றி இறக்கும்போது பெரோகாந்தத்துக்கு வரும் வளையம் எதுவும் இல்லாத நேர்கோடு.

இப்போது 10 மில்லிகிராம் மாதிரிக்குள் ஒரு மைக்ரோகிராம் இரும்பு விழுந்தது என்று வையுங்கள். கிராமுக்கு 218 ஈஎம்யூ நிரம்பல் காந்தமுள்ள இரும்பு, அந்தத் துகள் ஒன்றே கிராமுக்கு 0.022 ஈஎம்யூ காட்டும், அதுவும் வளைந்து நிரம்பும் கோடாக. முழுக் கோபாற்றும் சேர்ந்து தரும் சமிக்ஞைக்குச் சமம். அந்தத் துகளின் பக்கம் எவ்வளவு தெரியுமா? 0.05 மில்லிமீற்றர், ஒரு தலைமயிரின் தடிப்பு.

2004இல் டப்ளின் ட்ரினிட்டி கல்லூரிக் குழு, காந்த அயன் எதுவுமே இல்லாத ஹஃப்னியம் ஒட்சைட்டில் காந்தம் கண்டதாக எழுதியது. அடுத்த வருடம் ஐபிஎம் ஆய்வாளர்கள் சோதித்தபோது தங்கள் படலங்களில் காந்தமே இல்லை. ஆனால் துருப்பிடிக்காத எஃகு இடுக்கியால் பிடித்ததும் அதே மாதிரிச் சமிக்ஞை வந்தது. இடுக்கியும் கரண்டியும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும் என்று நான் அடம் பிடிப்பது இதனால்தான். "துருப்பிடிக்காத எஃகில் காந்தம் ஒட்டாதே" என்பார்கள். சுரண்டி உராயும்போது அதன் மேற்பரப்பு காந்தமாக மாறிவிடும்.

நம் கடற்கரையோரத்துக்குத் தனிப் பிரச்சினை ஒன்றும் உண்டு. வெள்ளவத்தைக் கடற்காற்றில் எந்த இரும்பும் தப்புவதில்லை. எனக்குக் கிடைத்த முதல் "பெரோகாந்த" வளையத்தின் சந்தோஷம் மூன்று நாள்தான் இருந்தது. 0 சதவீத மாதிரியும் அதே வளையத்தைக் காட்டியது. தேடிப் பார்த்தால் உலைக் கதவின் பிணைச்சலிலிருந்து உதிர்ந்த துரு, மூடாத புடக்குகைகளுக்குள். மூடி போடச் சொன்னது இதற்குத்தான்.

அளவிடும் ஒழுங்கு: முதலில் வெற்றுத் தாங்கி, அடுத்து 0 சதவீதம், பிறகுதான் மற்றவை. தாங்கியின் டயாகாந்தச் சரிவை (புலத்துக்கு எதிராக வரும் மிகச் சிறிய காந்தம்) அப்படியே கழியுங்கள். மாதிரியின் உயர்புலச் சரிவைக் கழித்துவிட்டு மிஞ்சிய வளையத்தை மட்டும் காட்டாதீர்கள், கழித்து எறிந்ததுதான் கோபாற்றின் பரகாந்தம். குளிர வைக்கும் வசதி இருந்தால் ஏற்புத்திறனின் (வந்த காந்தத்தைப் புலத்தால் வகுத்தது) தலைகீழை வெப்பநிலைக்கு எதிராக வரையுங்கள். கோடு வெப்பநிலை அச்சைப் பூச்சியத்துக்கு இடப்பக்கம் வெட்டினால் அயலில் உள்ள கோபாற்றுகள் ஒன்றையொன்று எதிர்க்கின்றன. முதல் படியில் போட்ட 12 அயலவர் கணக்கு இங்கே வந்து பொருந்தும்.

மங்கனீசு மாதிரிக்கு இலத்திரன் பரகாந்தப் பரிவு (சோடியில்லா இலத்திரன்கள் காந்தப் புலத்தில் நுண்ணலையை உறிஞ்சுவதை அளப்பது) நல்ல துணை. மங்கனீசுக் கருவின் சுழற்சி ஐந்தின் கீழ் இரண்டு என்பதால் தனி அயன் ஆறு கோடுகளாகப் பிரிந்து தெரியும். அயன்கள் நெருங்க நெருங்க ஆறும் கரைந்து ஒரே மேடாகிவிடும். கோபாற்றுக்கு இதை அறை வெப்பநிலையில் முயல வேண்டாம், ஆழ்குளிரில்தான் தெரியும்.

இத்தனைக்கும் பிறகு 0 சதவீதத்தில் இல்லாமல் 3 சதவீதத்தில் மட்டும் வளையம் வந்தால், புதுப் பிளாஸ்டிக் கரண்டியோடு இன்னொரு தொகுதி செய்யுங்கள். அதிலும் வந்தால் கோபாற்று உலோகத் துணிக்கைகளைச் சந்தேகியுங்கள். கோபாற்றின் கியூரி வெப்பநிலை (பெரோகாந்தம் மறையும் சூடு) 1388 கெல்வின், உங்கள் கருவி போகும் எந்தச் சூட்டிலும் அது அடங்காது. அதையும் தாண்டி நின்றால் கேட்க வேண்டியது காந்த வட்ட இருநிறத்தன்மை அளவீடு, அதாவது காந்தப் புலத்தில் இடவட்ட ஒளியையும் வலவட்ட ஒளியையும் மாதிரி எவ்வளவு வேறுபட்டு உறிஞ்சுகிறது என்று பார்ப்பது. காந்தம் உண்மையில் குறைகடத்தியுடையது என்றால் 370 நானோமீற்றர் அருகே பட்டை விளிம்பே புலத்துக்கு அசைய வேண்டும். இரும்புத் தூசு எவ்வளவு விழுந்திருந்தாலும் அந்த விளிம்பை அசைக்காது. அந்தக் கருவிக்கு வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு எழுத வேண்டி வரலாம். பொடியை அனுப்பும்போது 0 சதவீதக் குப்பியையும் சேர்த்து அனுப்புங்கள், எது எது என்று அவர்களுக்குச் சொல்லாமல், இலக்கம் மட்டும் ஒட்டி.